எல்லா ரத்தமும் மூலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற நோட்டீஸ் ஒட்டாத பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் அபூர்வம். மலத்தில் ரத்தம் கண்ட 50 வயது ஆண்கள் பலர் முதலில் போவது அங்கேதான். இல்லையென்றால் மருந்துக்கடையில் ஒரு களிம்பு, ‘உடம்புச் சூடு’ என்று ஆறு மாதம் மோர். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அதுதான். ஆனால் மூலம் உள்ளவருக்குக் குடல் புற்றுநோயும் வரலாம். மூலம் கண்ணில் பட்டதும் மேலே தேடுவதை நிறுத்திவிடுவதில்தான் கோளாறு.

மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி மருத்துவரின் விரலுக்கே தட்டுப்படும். ஒரு கையுறை, கொஞ்சம் ஜெல், ஒரு நிமிடம்கூட ஆகாது. வெட்கப்பட்டு ‘அதெல்லாம் வேண்டாம் டாக்டர், மாத்திரை கொடுங்க’ என்பவர்களே அதிகம். இன்னொன்று, ரத்தசோகை. ஆணுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இறங்கி, இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தால், டானிக் குடித்து அளவை ஏற்றினால் மட்டும் போதாது. மாதவிடாய் இல்லாத உடம்பில் ரத்தம் எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும். வலப்பக்கப் பெருங்குடலில் வரும் கட்டி வெளியே தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு ‘ஃபிட்’ என்ற மலப் பரிசோதனை உண்டு. கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தை மட்டும் காட்டும் என்பதால் உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. மலம் தண்ணீரில் விழாதபடி காகிதத்தில் பிடித்து, சோதனைக் குழாயோடு தரும் குச்சியின் நுனியால் நாலைந்து இடத்தில் சுரண்ட வேண்டும். நுனியிலுள்ள பள்ளங்கள் நிறைந்தால் போதும். அள்ளிப் போட்டால் முடிவு கெடும். நம் ஊர் வெயிலில் குழாயை வண்டிப் பெட்டியில் வைத்துச் சுற்றினால் ரத்தப் புரதம் சிதைந்து, இருக்கும் ரத்தமும் இல்லை என்று வரும். அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். ‘பாசிட்டிவ்’ வந்தால் அடுத்தது கொலோனோஸ்கோபிதான், அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. ‘நெகட்டிவ்’ வரும்வரை அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது ஏமாற்று வேலை. ரத்தம் கண்ணாலேயே தெரிகிறவருக்கு ஃபிட் வேண்டியதில்லை, நேரே மருத்துவரிடம் போகலாம்.

கொலோனோஸ்கோபி வீணாவது பெரும்பாலும் குடல் சுத்தமாகாததால்தான். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, தயிர் போதும். பேதி மருந்துக் கரைசலை இரவு பாதி, மறுநாள் சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு மீதி என்று குடிக்க வேண்டும். ‘வயிறுதான் நன்றாகப் போய்விட்டதே’ என்று காலைப் பாதியைக் கொட்டிவிட்டால் வலப்பக்கச் சுவரில் மலம் படிந்து, அங்கே முளைத்திருக்கும் சிறு சதை வளர்ச்சியான பாலிப்பை மறைத்துவிடும். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தலாம். சர்க்கரை மருந்தையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி செய் என்று கேட்கவில்லை. அவ்வளவு கருவியும் ஆளும் நம்மிடம் இல்லை. ஆனால் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பே, இரண்டில் எது முந்தியோ அப்போது பார்த்துவிட வேண்டும். பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு வரை பிடிக்கும். அதற்குள் கண்டால் சோதனையின்போதே கம்பி வளையத்தால் அறுத்தெடுத்துவிடலாம்.

30 வயது தாண்டியவர்களுக்கான அரசின் புற்றுநோய்ப் பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும் உண்டு. ஆண்களுக்கு அதில் வாய் மட்டுமே. வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளர்கள், 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்: மலத்தில் ரத்தம் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்ததா?

எண்டோஸ்கோபிப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை