தோழி இருக்கும் தொடர்கள்: அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

சம்பா அறுப்பு முடிந்து நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது, தரிசில் தெளித்த உளுந்து பறிக்க இன்னும் நாள் இருக்கிறது, ராத்திரியில் ஒரே மூச்சாகப் பார்க்கிற மாதிரி நல்ல தொடர் சொல்லு என்று கேட்டிருந்தீர்கள். கூடவே மூன்று நிபந்தனை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்காமல் கூட்டாளியாக இருக்கவேண்டும். காதல் இருக்கவேண்டும். அடுத்து என்ன என்று தூக்கம் கெடவேண்டும். போனிலேயே இரண்டு பெயர் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இதையே என்னிடம் கேட்கிற பெண்கள் நிறைய. அதனால் உங்கள் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

இந்த வகைத் தொடர்களில் பெரும்பாலும் முதல் காட்சியிலேயே ஒரு பிணம் வந்துவிடும். யார் கொன்றது என்ற கேள்வி நம்மை உட்கார வைக்கும். ஆனால் மணி ஒன்றானாலும் எழுந்திருக்க விடாமல் செய்வது வேறொன்று. ஒருத்தி மனசில் ஒரு ரகசியம் இருக்கிறது. அதைத் தன் சிநேகிதியிடம் சொல்வாளா? சொன்ன பிறகும் அந்தச் சிநேகிதி கூட இருப்பாளா? நல்ல தொடரை எழுதுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். சுமாரான தொடர்கள் கொலைகாரனை ஒளித்து வைப்பதிலேயே களைத்துப் போகின்றன.

முதலில் கொரியாவில் ஆரம்பியுங்கள். 'வென் த கமேலியா ப்ளூம்ஸ்' என்று பெயர். 2019-இல் கேபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த தொடர், நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, 20 பகுதிகள். ஓங்சான் என்று கடலோரத்தில் ஒரு கற்பனை ஊர். சோயா சாற்றில் ஊறவைத்த நண்டுக்குப் பேர்போன ஊர். ஒரு தெரு முழுக்க நண்டுக் கடைகள், கடைகளை நடத்துகிறவர்கள் பெண்கள். அந்தத் தெருவுக்குக் கைக்குழந்தையோடு டோங்பெக் வந்து சேர்கிறாள். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள், புருஷன் என்று யாரும் இல்லை. சாப்பாடும் மதுவும் விற்கிற ஒரு சின்னக் கடை போடுகிறாள். தெருப் பெண்களுக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை, தங்கள் வீட்டு ஆண்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று. வலங்கைமானிலோ நீடாமங்கலம் கடைத்தெருவிலோ ஒருத்தி தனியாக வந்து இப்படிக் கடை போட்டால் என்னென்ன பேச்சு கிளம்பும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்த ஊரில் அவளுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி டொக்சுன். வயதானவள், நண்டுக் கடைக்காரி, தானும் புருஷன் இல்லாமல் பிள்ளைகளை ஆளாக்கியவள். ஊர் என்ன பேசினாலும் டோங்பெக் பக்கம் நிற்கிறவள். அப்புறம் டொக்சுனின் கடைசி மகன் யோங்சிக், போலீஸ்காரன், டோங்பெக் மேல் உயிரை வைத்துவிடுகிறான். நேற்றுவரை சிநேகிதி, இனிமேல் மாமியார். பிள்ளையோடு இருக்கிற அந்தப் பெண்ணுக்காக ஊரோடு வாதாடிய அதே டொக்சுன், தன் மகனுக்கு அவள் வேண்டாம் என்கிறாள். ஏன் வேண்டாம் என்கிறாள் என்று டோங்பெக்குக்கும் புரிகிறது. அண்ணி, இந்த இடத்தில் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஊர்ச் சீரியல் என்றால் இதற்குள் டொக்சுனை வில்லியாக்கி, பின்னணியில் மூன்று முறை இடி இடிக்க வைத்திருப்பார்கள்.

மர்மமும் விடாமல் கூடவே வருகிறது. ஆரம்பத்திலேயே தண்ணீர்க் கரையில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது, கையில் டோங்பெக்கின் வளை. அது யார் உடல் என்று வெகுதூரம் வரை சொல்லமாட்டார்கள். ஊரில் பல வருஷங்களுக்கு முன் அடுத்தடுத்துக் கொலை செய்த ஒருவன் இன்னும் பிடிபடவில்லை. அவனிடமிருந்து தப்பியவள் டோங்பெக். அவளை ஒதுக்கி வைத்த தெருப் பெண்களே ஒருநாள் அவளைச் சுற்றிக் காவலுக்கு நிற்கிறார்கள். மன்னிப்பு, உருக்கம், வசனம் ஒன்றும் கிடையாது. வழக்கமான அதட்டலோடுதான் நிற்கிறார்கள். நடவு வயலில் வாய்ச்சண்டை போட்டவள், மறுநாள் நமக்குக் காய்ச்சல் என்றதும் நம் பங்கு நாற்றுக்கட்டுகளையும் தானே நட்டுவிட்டுப் போவாளே, அப்படி. இம் சாங்சுன் என்ற புனைபெயரில் எழுதுகிறவரின் கதை இது. 2020-இல் கொரியாவின் பேக்சாங் விருது விழாவில் தொலைக்காட்சிக்கான பெரிய விருதும் இதற்குத்தான் கிடைத்தது.

அடுத்தது 'டெட் டு மி', இது அமெரிக்கத் தொடர். 2019-இலிருந்து 2022 வரை மூன்று சீசன், மொத்தம் 30 பகுதிகள், ஒவ்வொன்றும் அரைமணி நேரம்தான். ஜென் என்பவளின் புருஷனை ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. துக்கத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழுவுக்குப் போகிறாள். அங்கே ஜூடி பழக்கமாகிறாள். ராத்திரி தூக்கம் வராமல் இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். முதல் பகுதி முடிகிற நேரத்தில் நமக்கு மட்டும் ஒன்று காட்டுகிறார்கள்: அந்த விபத்தில் ஜூடியின் காருக்குச் சம்பந்தம் இருக்கிறது. கதையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், இது கதையின் வாசற்படிதான். யார் செய்தது என்ற கேள்வியை அரைமணியில் முடித்துவிட்டு, ஜூடி எப்போது சொல்வாள் என்ற கேள்வியில் நம்மைக் கட்டிப்போடுகிறார்கள். ஜூடியின் அன்பு பொய்யில்லை, அதுதான் கொடுமை. கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டும் லிண்டா கார்டெலினியும் நடித்திருக்கிறார்கள். மூன்றாவது சீசன் எடுக்கும்போதுதான் ஆப்பிள்கேட்டுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்தது. படப்பிடிப்பை நிறுத்திவைத்து, பிறகு வந்து முடித்துக் கொடுத்தார். அது தெரிந்து பார்க்கும்போது கடைசிப் பகுதிகளின் கனம் வேறு. கெட்ட வார்த்தைகள் அதிகம், அதனால் பிள்ளைகள் படுத்த பிறகு பாருங்கள்.

ஜூடியைப் பார்க்கும்போது எனக்குத் தேவந்தி நினைவுக்கு வந்தாள். ஆமாம், சிலப்பதிகாரத்துத் தேவந்திதான், நம் பூம்புகார்ப் பெண். கண்ணகி தன் கெட்ட கனவைச் சொல்வது இவளிடம்தான். புருஷனோடு கைகோத்து ஒரு பெரிய ஊருக்குள் போனதாகவும், அங்கே ஏதோ பழி வந்து கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததாகவும், தான் அரசன் முன் போய் வழக்குரைத்ததாகவும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்ததாகவும் சொல்கிறாள். மதுரையில் நடக்கப்போவது மொத்தமும் பூம்புகாரில் ஒரு சிநேகிதியின் காதில் முன்கூட்டியே விழுந்துவிடுகிறது. காவிரி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு குளம் இருக்கிறது, அதில் முழுகிக் காமவேளைக் கும்பிட்டால் புருஷனோடு சேரலாம் என்று வழி சொல்கிறாள் தேவந்தி. கண்ணகி அது தனக்குப் பெருமையில்லை என்று மறுக்கிறாள். தேவந்தியின் புருஷனும் அவளை விட்டுப் போனவன், அவளிடம் மட்டும் தன்னைத் தெய்வமாகக் காட்டிவிட்டு மறைந்தவன். கதையின் கடைசியில் கண்ணகியைத் தேடிச் சேரநாடு வரை போய் அழுகிற பெண்களில் ஒருத்தி இவள்தான். ரகசியம், காதல், வரப்போகிற ஆபத்து, விட்டுப்போகாத தோழி எல்லாம் காவிரிக் கரையிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

பிறகு நம் சீரியல்களில் அந்தத் தோழி எங்கே போனாள்? கதாநாயகிக்கு மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, ஓரகத்தி உண்டு. சிநேகிதி மட்டும் கல்யாண மண்டபத்தோடு காணாமல் போய்விடுகிறாள். 'மெட்டி ஒலி' வந்தபோது ஐந்து அக்கா தங்கைகளின் பாசத்துக்காகத்தான் டெல்டா முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்தது. 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' இத்தனை பேரை இழுத்ததற்கும், வீட்டுக்கு வந்த நான்கு மருமகள்கள் ஒன்றாக நின்றதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அக்கா தங்கை, ஓரகத்தி இதெல்லாம் வீடு கொடுக்கிற உறவு. நாமாகத் தேடிக்கொண்ட சிநேகிதிக்குத் திரையில் இடம் இல்லை. குந்தவை நாச்சியார் கல்லூரியில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேரைப் பற்றி நீங்கள் இன்றும் பேசாத நாள் இல்லை. அவர்களை நான் ஒருமுறைகூட நம் வீட்டில் பார்த்ததில்லையே அண்ணி.

சரி, தொடருக்கு வருகிறேன். 'பிக் லிட்டில் லைஸ்', 2017, முதல் சீசன் ஏழு பகுதிகள். கலிஃபோர்னியாவில் மான்டரே என்கிற கடலோர ஊர். பள்ளிக்கூட விழாவில் ஒரு கொலை. செத்தது யார் என்பதே கடைசிப் பகுதியில்தான் தெரியும். நடுநடுவே ஊர்க்காரர்கள் போலீஸிடம் அந்தப் பெண்களைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள், அத்தனையும் அரைகுறை உண்மை. வெளியில் பார்த்தால் பொறாமைப்படுகிற மாதிரி வாழ்கிற செலஸ்ட் வீட்டுக்குள் அடி வாங்குகிறாள். அதை அவளால் நெருங்கிய சிநேகிதியிடமும் சொல்ல முடியவில்லை. ஆலோசனை சொல்கிற மருத்துவரின் முன்னால் அவள் தன் புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிற காட்சிகளில் நிகோல் கிட்மனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். இதை மட்டும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரம் ஒரு பகுதியாக வந்த தொடர் இது, ஒரு ராத்திரிக்கு ஒன்று போதும். இரண்டாவது சீசனில் மெரில் ஸ்ட்ரீப் வருகிறார், அவருக்காகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் கதை முதல் சீசனிலேயே முடிந்துவிட்டது.

தமிழிலேயே வேண்டும் என்றால் 'சுழல்'. 2022-இல் வந்த முதல் சீசனில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிற ஊரில் ஒரு பெண் காணாமல் போகிறாள், அவளைத் தேடி அக்கா நந்தினி அலைகிறாள். நீங்கள் கேட்டதற்குப் பொருந்துவது 2025-இல் வந்த இரண்டாவது சீசன். ஒரு வக்கீல் செத்துக் கிடக்கிறார். எட்டு இளம்பெண்கள் தனித்தனியாக வந்து நான்தான் கொன்றேன் என்கிறார்கள். அவர்கள் அடைபட்டிருக்கிற சிறையில் நந்தினியும் இருக்கிறாள். நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷ் அந்தப் பெண்களோடு மெல்ல மெல்ல ஒன்றாகிற பகுதிகள்தான் எனக்கு வழக்கு விசாரணையைவிடப் பிடித்தன. காதல் கொஞ்சம் குறைவு.

'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' 180 பகுதிகள், 'பிரிட்டி லிட்டில் லையர்ஸ்' 160. இரண்டின் முதல் சீசனும் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த போகம் வந்தாலும் முடியாது. இப்போதைக்கு வேண்டாம்.

அண்ணன் டிவியில் என் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறது, அதிலேயே பாருங்கள். கமேலியாவைத் தொடங்குவதற்கு முன்னால் காரைக்காலில் இருக்கிற உங்கள் சிநேகிதிக்கு ஒரு போன் போட்டு, அவரையும் அதே ராத்திரியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். டொக்சுன் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு என்னிடம் வாருங்கள். செலஸ்ட் கதையை மட்டும் தனியாகப் பார்க்கவேண்டாம். பங்குனியில் நான் கும்பகோணத்திலிருந்து வருவேன், நாம் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்