பினாங்குத் தெருவில் உங்கள் பழைய வீடு

அன்புக் கூட்டாளிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? உன் மடலுக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. இங்கே ஜார்ஜ் டவுனில், பினாங்குத் தெருவில் நீங்கள் குடியிருந்த வீட்டில் மராமத்து நடக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? வேலை முடியட்டும், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். போன வாரம் திறந்துவிட்டார்கள். தோளில் பையோடு வருகிறவர்களுக்கான சின்ன பட்ஜெட் ஹோட்டல். மேலே ஆறு அறை, கீழே இரண்டு.

நுழைந்ததும் நேராக முற்றத்துக்குத்தான் போனேன். கூரை போட்டு மூடியிருப்பார்களோ என்று பயம். இல்லைடா, வானம் அப்படியே தெரிகிறது. மழைத்தண்ணீர் ஓடும் கருங்கல் வாய்க்கால்கூட அதே இடத்தில் இருக்கிறது. சுவரில் இருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துச் செங்கல்லை அரித்துவிடுமாம். சுண்ணாம்பு என்றால் ஈரம் வெளியே போய்விடும். மழைக்காலம் வந்தால் உன் அப்பா துணியும் கையுமாகப் பூஞ்சை பிடித்த சுவரைத் துடைத்துக்கொண்டே இருப்பாரே, அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

2000-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் வாடகை ஏறியதும் நம் தெருவில் எத்தனை குடும்பம் கிளம்பியது! நீங்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போன அன்று நான் ஃபெர்ரி வரை வந்தேன். அப்புறம் அந்த வீட்டில் புறாக்கள்தான் குடியிருந்தன. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பழைய கடைவீடுகளை இனி இஷ்டத்துக்கு இடிக்க முடியாது என்று ஆனது. அதனால்தான் அந்த முகப்பு இன்று வரை நிற்கிறது. ஆனால் தெருவே விடுதிகளாக மாறிவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. பூமாலை கட்டுகிறவரும் தோசை சுடுகிறவரும் இங்கேயே குடியிருந்தால்தான் அது நம் தெரு. அவர்கள் விடியுமுன் கடல் தாண்டி வேலைக்கு வருவதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. இரவில் அந்த மாடியில் விளக்கு எரிவது இப்போதைக்கு ஒரு ஆறுதல்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அங்கே சமையலறை கிடையாது. காலை உணவும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் வெளியே போய்த்தான் பசியாற வேண்டும். பினாங்குக்கு வந்து ஹோட்டல் ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் போவது எவ்வளவு அநியாயம்! முன்மேசையில் இருக்கும் பெண் விருந்தினருக்குக் கொடுக்க கையால் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தாள். அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எந்தக் கடைக்கு எந்த நேரம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் மார்க்கெட் தெருவில் தோசை, மத்தியான வெயிலில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல், சாயங்காலம் மீ கோரிங் என்ற வறுத்த மீ.

நாசி கண்டார் என்ற நம் குழம்புச் சோற்றுக்கு மட்டும் தனியாக நாலு வரி எழுதினேன். ஒரு தோளில் காவடித்தண்டு, அதன் இரண்டு பக்கமும் சோறும் குழம்பும். அப்படித் தூக்கிக்கொண்டு நம் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். அந்தத் தண்டுதான் கண்டார். கடையில் நின்று ‘பஞ்சிர்’, அதாவது மலாயில் வெள்ளம், என்று சொல்லச் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கு மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு என்று ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி சோற்றின் மேல் விழும். தட்டின் ஓரம் வரை வழியும். பிசைந்து முதல் கவளம் வைக்கும்போது எது எந்தக் குழம்பு என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அந்தப் பெண்ணிடம் விளக்கும்போதே எனக்குப் பசி எடுத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறை வாடகை எழுபது வெள்ளி (ரிங்கிட்). மாநில ஹோட்டல் கட்டணம் இரண்டு வெள்ளி தனி. வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் பத்து வெள்ளி சுற்றுலா வரி, நமக்கு இல்லை. தெருவைப் பார்த்த மாடி அறை, அதாவது நீயும் தங்கச்சியும் படுத்த அறை, தைப்பூசத்துக்கு இன்னும் யாரும் எடுக்கவில்லை. முதல் நாள் விடியற்காலை நம் தெருக் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோவிலுக்குக் கிளம்பும்போது அந்த ஜன்னலில்தானே முண்டியடித்துக்கொண்டு நிற்போம்! கீழே தேங்காய் உடைகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மாவால் அந்தச் செங்குத்தான படியில் ஏற முடியாது, தெரியும். கீழே முற்றத்தை ஒட்டிய அறையை அவருக்குச் சொல்லி வைக்கிறேன். ரதம் வரும்போது நாற்காலியை வாசல் நடைபாதையில் போட்டுவிடலாம். பூசம் முடியும் வரை சைவம், மறுநாள் காலையில் நாசி கண்டார். அதற்கும் ஒரு நாள் சேர்த்து லீவு போடு. முன்பணம் வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். அம்மாவிடம் கேட்டுவிட்டு உடனே பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி