கோல்ட் பிளாஸ்மா கட்டுரையில விட்டுப்போன பாதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஆறாத புண்ணுக்குக் கோல்ட் பிளாஸ்மா (ரத்த பிளாஸ்மா இல்ல, கரன்ட் ஏத்தின, அதிகம் சூடில்லாத கேஸ்) ட்ரீட்மென்ட் பத்தி போட்டிருந்தீங்க, நான் ஜெர்மனியில நர்ஸா இருக்கேன், சுகர் பேஷன்ட்டுங்க கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்றதுதான் என் வேலை, அதனால ரொம்ப ஆர்வமா படிச்சேன். ஆனா கிருமியைக் கொன்னு புண்ணை ஆத்திடற அதிசய லைட்டுன்னு முடிச்சிருக்கீங்க பாருங்க, அது எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு.

அது வெறும் லைட் இல்லைங்க. ஜெர்மனியில கிரைஃப்ஸ்வால்ட் ஊர்ல இருக்கற பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்துல உருவான, இந்த ட்ரீட்மென்ட் குடுக்கற கின்பென் மெட் கருவிக்கு 2013ல ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சுது, பாக்க தடிச்ச பேனா மாதிரி இருக்கும். உள்ள போற ஆர்கான் கேஸ் மேல கரன்ட் பாய்ஞ்சு பிளாஸ்மாவா வெளிய வந்து காத்தோட கலக்குறப்ப ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்த ரியாக்டிவ் மூலக்கூறுங்க (மத்ததோட சட்டுனு வினை புரியறதுங்க) உண்டாகுது, முக்கியமா வேலை பாக்குறது அதுங்கதான். சூடு 40 டிகிரிக்குள்ள இருக்கறதால சதை வேகாது.

இப்ப கிருமி விஷயத்துக்கு வர்றேன். 2010ல வந்த ஜெர்மன் ஆய்வுல, 36 பேருக்கு வழக்கமான சிகிச்சையோட தினம் 5 நிமிஷம் பிளாஸ்மாவும் குடுத்ததுல, குடுக்காத புண்ணை விட கிருமி 34 சதவீதம் அதிகமா குறைஞ்சுது, அது உண்மைதான். ஆனா 2020ல ஜாமா நெட்வொர்க் ஓபன்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வையும் சொல்லியிருக்கணும். சுகர் பேஷன்ட்டுங்க 43 பேர், 62 கால் புண்ணு, ஒரு பாதிக்கு பிளாஸ்மா, இன்னொரு பாதிக்கு சும்மா கேஸ் மட்டும், எது யாருக்குன்னு பேஷன்ட்டுக்குத் தெரியாது. பிளாஸ்மா பட்ட புண்ணு வேகமா சுருங்குச்சு, ஆனா கிருமி, இன்ஃபெக்‌ஷன் குறைஞ்சதுல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல! அதாவது புண்ணு ஆறறதுக்கு உடம்போட செல்லுங்களை பிளாஸ்மா தூண்டி விடறதும் ஒரு காரணமா இருக்கலாம், கிருமிக்கொல்லின்னு மட்டும் எழுதினா பாதி கதைதான்.

இன்னொண்ணு, அந்த ஆய்வுல எல்லாருக்குமே வழக்கமான சிகிச்சையும் நடந்துச்சு. செத்த சதையை வெட்டி எடுக்கறது, புண்ணு மேல எடை விழாம செருப்பு மாத்தறது, கால் ரத்த ஓட்டத்தைப் பாக்கறது, சுகரைக் கட்டுக்குள்ள வைக்கறது இதெல்லாம் இல்லாம எந்த மெஷினை வச்சும் பிரயோஜனமில்ல. உங்க கட்டுரையைப் படிச்சுட்டு யாராவது ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டு மெஷினைத் தேடிப் போனா காலே போயிடும் சார். பியூட்டி பார்லர்ல வச்சிருக்கற பிளாஸ்மா பென் வேற, அது தோலைச் சுடற சாமான், புண்ணுகிட்ட கொண்டு போகவே கூடாது.

அடுத்த இதழ்ல இதையும் சேர்த்துப் போடுங்க, முடிஞ்சா ஒரு கால் புண்ணு டாக்டர்கிட்ட கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகி