அன்பிய ஆண்டறிக்கை 2025: செபமாலையும் ஒரு குடம் தண்ணீரும்

சுவாமிக்கும், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களாய்க் கூடிச் செபிக்கும் நம் அன்பிய உறவுகளுக்கும் வணக்கம். போன வருடம் நான் அறிக்கை வாசிக்கத் தொடங்கியதும் பாதிப் பேர் தேத்தண்ணிக்கு எழும்பிப் போய்விட்டீர்கள். அதனால் இம்முறை கூட்டத் திகதிகளையும் வரவையும் கொப்பியிலேயே விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். கொப்பி மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம்.

பெப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். 1993 முதல் அதே நாள் உலக நோயாளர் தினமும் கூட. காலையில் திருகோணமலைப் பாலையூற்று லூர்து மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு, பின்னேரம் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் நம் ஆச்சி வீட்டுக்குச் செபமாலை சொல்லப் போனோம், பதினான்கு பேர். செபமாலை, மன்றாட்டு மாலை, மூன்று பாட்டு என்று ஒன்றையும் குறைக்கவில்லை. எழும்பும்போது ஆச்சி சொன்னா: "நல்லாச் சொன்னியள் பிள்ளையள். போக முந்தி ஆராவது அந்தக் குடத்தை நிரப்பி வைச்சிட்டுப் போங்கோ, மகள் வேலையால வர இருட்டிடும்." வாசலுக்குள் இருந்த அந்த வெறுங்குடத்தைச் சுற்றித்தான் பதினான்கு பேரும் உள்ளே போயிருந்தோம், நான் அதில் என் குடையைக்கூடச் சாத்தி வைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

மார்ச் கூட்டத்தில் இதை எடுத்தேன். செபம் முடிந்து தேத்தண்ணி வருவதற்குள், "இந்த வாரம் ஆர் வீட்டில் என்ன வேலை?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் யோசனை. உடனே ஒரு அண்ணை, "இது செபக் கூட்டமா, கிராம அபிவிருத்திச் சங்கமா?" என்று கேட்டார், அதோடு ஒரு மணித்தியாலம் போனது. சுவாமிதான் முடித்து வைத்தார். குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரின் வேலை, குடும்ப வாழ்வு, களைப்பு, ஓய்வு எல்லாமே தூய ஆவியில் செய்தால் திருப்பலியில் காணிக்கையாகும் என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே எழுதி வைத்துவிட்டது, நீங்கள் இப்போதுதான் வாக்கெடுக்கிறீர்களா என்றார். சிரித்துக்கொண்டே தீர்மானம் நிறைவேறியது.

அது தவக்காலம் என்பதால் ஒவ்வொருவரும் எதை விடப்போகிறோம் என்று சொன்னோம். பெரும்பாலும் இறைச்சிதான். நம் மீன்கடை அண்ணை, "நீங்கள் எல்லாரும் இறைச்சியை விட்டால் எனக்குத்தான் லாபம், அப்ப நான் எதை விடுறது?" என்றார். அடுத்த கிழமை கடன் கொப்பியைக் கொண்டுவந்து, யாருடைய கணக்கு என்று காட்டாமல் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எவ்வளவு என்று நாங்களும் கேட்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், ஏப்ரல் 21, பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார். அவர் 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளைப் புனிதராக்கியபோது இரவிரவாகப் பஸ்ஸில் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இரங்கல் செபத்தில் அந்தக் கதைதான் ஓடியது. 1697இல் கண்டியில் அம்மை பரவி ஊரே ஓடியபோது, அங்கேயே நின்று நோயாளிகளைப் பராமரித்தவர் வாஸ் அடிகள். அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம் ஆச்சியின் குடத்தைக் காணவில்லையே என்று ஒரு அக்கா சொன்னா. சரி, குடத்தை இத்தோடு விடுங்கள் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.

இனி நம் பிழை. வருட நடுவில் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில், வீடுகளுக்குச் செய்யும் வேலை கூடக்கூட வேத வாசகத்தைச் சுருக்கி, கடைசியில் சில கிழமை அதையே விட்டுவிட்டோம். யார் கூடச் செய்தது, யார் டிமிக்கி கொடுத்தது என்ற கதை தொடங்கியது அதற்குப் பிறகுதான். கிளினிக்குக்கு ஆளைக் கூட்டிப்போகும் முறை பற்றி இரண்டு பேர் இன்னும் முகம் பார்க்கவில்லை. மார்ச்சில் எதிர்த்த அண்ணை சொன்னதில் பாதி சரி என்பதை இங்கே பதிவு செய்கிறேன். செப்டெம்பரிலிருந்து வாசகம் முதலில், வேலைப் பட்டியல் பிறகு.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். மூதூர், வெருகல் பக்கம் மகாவலி ஏறிய வெள்ளத்தில் சனம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு நத்தார் கரோல் போவதா விடுவதா என்று வாக்குவாதம். விட வேண்டாம் என்பதே என் கருத்தாக இருந்தது, இப்போதும் அதேதான். கரோல் போனோம், ஆனால் உண்டியல் இல்லை. பாட்டு முடிய அரிசி, பருப்பு, சீனி, பால்மா என்று கேட்டு வாங்கினோம். ஓட்டோ மூன்று தடவை ஓடியது. சாமான் இறக்கும்போது யார் எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டோக்காரத் தம்பி இந்துப் பிள்ளை, கடைசி ஓட்டத்துக்குக் காசும் வாங்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் அக்கா வாசிப்பா. கையிருப்பு குறைவு, அதை நினைத்து எனக்குக் கவலையில்லை, அக்காவுக்கு இருக்கிறது. இளையோரில் ஒருவர் செயலாளர் பொறுப்பை எடுத்தால் நல்லது, எனக்கு கண் மங்குகிறது. அப்புறம், கரோலுக்கு இரவல் கொடுத்த கோவில் கதிரைகளில் நான்கு இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் ஞாயிறு பூசைக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.

ஆச்சி இப்போது தடி ஊன்றி நடக்கிறா.