தமிழ் நூலைத் தமிழில் தேட இடமளியுங்கள்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகத்தினருக்கு,

கடந்த வாரம், உயர்தரத்தில் தமிழ் பயிலும் என் பேர்த்திக்காகத் தங்கள் இணையத்தளத்தில் 'பழமொழி' என்று தமிழில் தட்டச்சுச் செய்து தேடினேன். ஒரு நூலும் இல்லை என்று பதில் வந்தது. ஆங்கில எழுத்துகளில், ழகரத்துக்கு 'எல்' இட்டேன், பின்னர் 'இசட் எச்' இட்டேன், அப்போதும் இல்லை. மறுநாள் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி நேரில் வந்தபோது, பழமொழித் தொகுப்புகள் நான்கு ஒரே தட்டில் வரிசையாக நின்றன. நூற்பட்டியலில் ழகரம் 'கீழே கோடிட்ட எல்' ஆகப் பதியப்பட்டிருப்பதாக அங்கிருந்த உத்தியோகத்தர் அன்போடு விளக்கினார். அந்தக் கோட்டை எந்த விசைப்பலகையில் தேடுவது என்று நான் கேட்கவில்லை. அவரைக் குறைசொல்லி என்ன பயன்?

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் இந்த ஒலிபெயர்ப்பு முறை பட்டியலாளருக்கு உரியது. வாசகர் அதைக் கற்றுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் பதிவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. நூலகங்கள் நூல் விவரங்களைக் கணினியில் பதியப் பயன்படுத்தும் மார்க் 21 பதிவமைப்பில் மூல எழுத்து வடிவத்தைச் சேர்ப்பதற்கென்றே 880 ஆம் புலம் இருக்கிறது. பாடசாலை நூலகமொன்றில் பல காலம் பணியாற்றிய எனக்கே இது தெரியுமெனில், தங்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. ஆகவே கேட்பது ஒன்றே: தமிழ் நூலைத் தமிழ் எழுத்தில் தேட வழிசெய்யுங்கள்.

முகப்பின் மேல்மூலையில் 'தமிழ்' என்றொரு பொத்தான் இருப்பதையும் கண்டேன். அதை அழுத்தினால் ஆங்கிலப் பக்கமே மீண்டும் திறக்கிறது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தச் செய்தி பொத்தான் வரைக்கும் வந்துசேர்ந்திருப்பது ஆறுதலே. கொழும்பில் பெயர்ப்பலகைத் தமிழ் படும் பாட்டைப் பற்றியும் எழுதலாம். அது தங்கள் பொறுப்பன்று என்பதால் விடுகிறேன்.

பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே நாளில் திருத்த முடியாது என்பதை அறிவேன். புதிதாகப் பதியும் நூல்களிலிருந்தேனும் தமிழில் தேட வழிசெய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தளத்தை மாற்றியமைக்கும்போது, பாடசாலை மாணவர் ஒருவரையும் என்னைப்போன்ற முதியவர் ஒருவரையும் கணினி முன் இருத்தி, ஒரு நூலைத் தேடச் சொல்லி, உதவாமல் அருகிலிருந்து பாருங்கள். அந்த முதியவர் இடத்துக்கு நான் வரத் தயார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்