பொருத்தனைக்கும் கணக்கு உண்டு

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பொருத்தனை (கடவுளுக்குச் செய்யும் நேர்ச்சை) பற்றி வந்த கட்டுரை, வெற்றி கிடைத்தால் வீட்டிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக நேர்ந்து, மகளே எதிரே வந்ததால் அவளை இழந்த இஸ்ரவேல் தலைவன் யெப்தாவைக் காட்டி, ‘உயிரே போனாலும் சொன்னதைச் செய்’ என்று முடிகிறது. மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் அப்படிச் சொல்லவில்லை. லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

ஒரு ஆளைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால் அவருக்குரிய மதிப்பை வெள்ளியாகக் கட்ட வேண்டும். 20 முதல் 60 வயது வரை ஆணுக்கு 50 சேக்கல் (அக்கால வெள்ளி நிறை), பெண்ணுக்கு 30. அறுபதைத் தாண்டினால் 15, 10. அதற்கும் வக்கில்லாதவனுக்கு, அவன் வசதியைப் பார்த்து ஆசாரியன் (பலி செலுத்தும் குரு) தொகையைக் குறைப்பான். யெப்தா ஆசாரியன் பினெகாசிடம் போயிருந்தாலே பொருத்தனை தீர்ந்திருக்கும் என்கின்றன பழைய யூத உரைகள். ‘தலைவனான நான் போவதா’ என்று யெப்தாவும், ‘காரியம் அவனுக்கு, நான் போவதா’ என்று பினெகாசும் வீம்பு பிடித்ததில் யெப்தாவின் மகள் செத்தாள் என்று இருவரையும் அவை கடிந்துகொள்கின்றன.

விட்டுக்கொடுக்காத இடம் வேறு. பலிக்கு ஆகும் ஆட்டை நேர்ந்தபின் மாற்றக்கூடாது. இளைத்ததை எடுத்துக்கொண்டு கொழுத்ததைக் கொடுப்பதாகச் சொன்னாலும் கூடாது. மாற்றினால் இரண்டுமே கர்த்தருடையவை. வீட்டை நேர்ந்தவன் மீட்கலாம், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி: ஆசாரியன் 100 சேக்கல் என்று மதித்தால் 120. உறுப்பு நீண்டோ குறுகியோ இருக்கும் மாடு உற்சாகபலிக்கு (நேராமல் மனமுவந்து கொடுக்கும் பலிக்கு) ஆகும், பொருத்தனைக்கு ஆகாது.

மிருகங்களின் தலையீற்றை நேரவே முடியாது. அது ஏற்கெனவே கர்த்தருடையது. அதே அதிகாரம் தசமபாகத்தையும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையும்) அப்படித்தான் வைக்கிறது. தசமபாகத்தையே பொருத்தனை உறையில் போட்டு இரண்டும் தீர்ந்ததாக நினைப்பவர்கள் 26, 30-ஆம் வசனங்களைச் சேர்த்துப் படிக்கட்டும்.

கணவன், மனைவியின் பொருத்தனையைக் கேட்ட அன்றே தடுக்கலாம். பேசாமல் இருந்தால் சம்மதம். பிறகு தடுத்தால் அக்கிரமம் அவன் தலையில் (எண்ணாகமம் 30). விதவையும் கணவனால் தள்ளப்பட்டவளும் சொன்னது அப்படியே நிற்கும்.

இன்றும் கண்டிப்பான யூதர்கள் ஏதாவது செய்வதாகச் சொன்னால் ‘பிளி நேதர்’, அதாவது இது பொருத்தனை அல்ல, என்று சேர்த்துச் சொல்வார்கள். புத்தாண்டுக்கு முன் மூன்று பேர் முன்னிலையில் பொருத்தனைகளிலிருந்து விடுதலை கேட்பதும் உண்டு. அடுத்தவனுக்குத் தரவேண்டிய கடன் அதில் தீராது.

உபவாசக் கூட்டங்களில், அழுகை அடங்குமுன்பே தொகையை எழுதி வாங்குகிறவர்கள், பொருத்தனை அட்டையை நீட்டுமுன் உபாகமம் 23:22-ஐயும் வாசிக்கலாம்: பொருத்தனை பண்ணாதிருந்தால் பாவம் இல்லை.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை