தம்பளப்பூச்சி

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோது சின்னவன் அழுத சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. புட்டோடு வாழைப்பழத்தைக் குழைத்துவிட்டேன் என்றுதான் அழுதான். அவனுக்குப் புட்டுத் தனியாக, பழம் தனியாக வேண்டுமாம். குழைத்ததைத் திரும்பப் பிரித்துத் தரச் சொல்லி அரை மணித்தியாலம் படலையடியில் கிடந்து உருண்டான். சொன்னதும் சிரித்தீர்கள். பிறகு குரல் தாழ்ந்து, "உன்னை நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன், அடித்தும் இருக்கிறேன்" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டீர்கள். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. வட்டக்கச்சி வயல்களில் காலபோக விதைப்பு நடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை மூத்தவளை முன்பள்ளிக்கு நடத்திக்கொண்டு போனேன். அவளோடு நடப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியாது, அக்கா. பத்து நிமிட வழிக்கு அரை மணித்தியாலம் வேண்டும். வாய்க்கால் மதகில் நின்று மீன் பார்க்க வேண்டும். மயில் கத்தினால் எந்த மரத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும். செருப்புக்குள் மணல் போய்விட்டால் இருந்து, இரண்டையும் கழற்றித் தட்டி, இடம் வலம் மாற்றிப் போட்டு, மறுபடி கழற்றிச் சரியாகப் போட வேண்டும். "கெதியாக வா" என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுவேன்.

அன்று எனக்கு முன்னால் ஓடியவள் ஒழுங்கைக் கரையில் சட்டென்று குனிந்து மண்ணுக்குள் எதையோ எடுக்கப் போனாள்.

"தொடாதே!"

என் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை நடுங்கிவிட்டாள். உதடு கோணி, மெல்ல மெல்லத்தான் அழுகை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தம்பளப்பூச்சி. முதல் மழைக்கு வெளியே வருமே, சிவப்புப் பட்டுத்துணியை நறுக்கிப் போட்டதுபோல, அதுதான்.

நம்முடைய ஒழுங்கையில் இப்போது மிதிவெடிப் பயமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போகும்போது முகமாலையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளை அவளும் பார்த்திருக்கிறாள். நிலத்தில் இரும்பு எதையாவது கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அதைச் சொல்லாமல் இந்த மண்ணில் பிள்ளை வளர்க்க எனக்குத் துணிவில்லை. ஐந்து வயதுக்கு அது பாரம் என்று தெரிந்தும் சொன்னேன்.

அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது 2008 நவம்பர் நினைவுக்கு வந்தது. நிஷா புயல் மழை. போருக்கு இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்தோம். தறப்பாளுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். எனக்குப் பன்னிரண்டு, உங்களுக்குப் பதினேழு. வெள்ளம் வடிந்த மறுநாள் பளபளப்பாகக் கிடந்த ஒன்றை எடுக்கக் குனிந்தேன். நீங்கள் கத்திய கத்தலில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. முதுகிலும் ஒன்று விழுந்தது. அது என்னவென்று இன்றுவரை நாம் இருவரும் அறியோம். அன்று முழுக்க உங்களோடு நான் கதைக்கவில்லை. அதன்பிறகு விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போன வழியெல்லாம் "கெதியாக வா", "குனிந்து படு", "தொடாதே" என்று உங்கள் சத்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவுக்குக் குரல் அடங்கிப்போன நாட்களில் உங்கள் குரல் மட்டும்தான் இருந்தது.

நீங்கள் அதற்காக வருந்த வேண்டாம், அக்கா. செவ்வாய்க்கிழமைவரை எனக்கே அது விளங்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் எவ்வளவு பயம் இருந்தது என்பதை என் தொண்டையில் வந்தபிறகுதான் அறிந்தேன். பதினேழு வயதில் அதை எப்படித் தாங்கினீர்கள்?

பூச்சியை எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டேன். முதலில் காலை இழுத்துக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு அது மெதுவாக நடந்து பெருவிரலில் ஏறியது. முழங்கை வரை போகட்டும் என்றாள். போகட்டும் என்று நானும் அவளுக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் இருந்துவிட்டேன். முன்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலைப் பாட்டு முடிந்திருந்தது. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. பூச்சியைத்தான் காட்டச் சொன்னார்.

இன்று விடிய மழை விட்டதும் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே வளவுக்குள் தேடப் போனாள். அவனுக்கு எல்லாவற்றையும் வாயில் வைக்க வேண்டும். குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு அவள் அதட்டுவது கேட்டது: "தொடாதே! முதலில் அக்காவிடம் காட்டு!"

அப்படியே உங்கள் குரல்.

அன்புடன்
தம்பி